பத்து காவான் லயமும் எங்கள் தாமானின் விடுதி வீடுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு பதிப்பின் வாசகர் பகுதியில், செபராங் பிறையைச் சேர்ந்த அன்பர் ஒருவர், குடியிருப்புப் பகுதிகளில் இருக்கும் அந்நியத் தொழிலாளர் விடுதிகளை உடனடியாகக் காலி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்த கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவர் சொன்ன குறைகள் பெரும்பாலும் உண்மையே. என் வீட்டுக்கு அடுத்த வீடும் அத்தகைய விடுதிதான். குப்பைத் தொட்டி நிரம்பி வழிவதையும், பின்புறக் கால்வாயில் சோற்றுப் பருக்கைகள் அடைத்துக்கொண்டு நாற்றமெடுப்பதையும், விடியுமுன் கம்பெனி பஸ் வந்து தெருமுனையில் ஹார்ன் அடிப்பதையும் நான் அன்றாடம் அனுபவிக்கிறேன். ஆனால் அவர் கடிதத்தின் முடிவில், இவர்களை வந்த வழியே திருப்பி அனுப்புவதுதான் ஒரே தீர்வு என்று எழுதியிருந்த வரியைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. அந்த வார்த்தையை ஒன்பது வயதில் என் வீட்டு வாசலில் நின்று கேட்டவள் நான்.

1969 ஆம் ஆண்டு அது. அதற்கு முந்தைய ஆண்டில் நிறைவேறிய சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்றானது. பிறப்புப் பத்திரம் இல்லாமலும், மனு எழுதிக் கொடுக்க ஆளில்லாமலும், எழுதப் படிக்கத் தெரியாமலும், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இருந்துவிட்ட தோட்டத் தொழிலாளர்கள் ஏராளம். அவர்களுள் என் பெரியப்பாவும் ஒருவர். இந்த நாட்டில் முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்தவர், தகரப் பெட்டி இரண்டையும் ஒரு பாய்ச்சுருளையும் எடுத்துக்கொண்டு, பெரியம்மாவோடும் கடைசிப் பிள்ளையோடும் பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். அந்தக் காலக்கட்டத்தில் ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இப்படித் தமிழகம் திரும்பினார்கள். அவர்கள் திரும்பிப் போன ஊரில் அவர்களுக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை. பெரியப்பாவிடமிருந்து மூன்று கடிதங்கள் வந்தன; பிறகு வரவில்லை.

என்னைப் பற்றிச் சில சொற்கள் சொல்லிவிட்டு மேலே தொடர்கிறேன். நான் பிறந்தது பினாங்கின் பெருநிலப் பகுதியில் உள்ள பத்து காவான் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. இரண்டாவது பினாங்குப் பாலம் 2014 ஆம் ஆண்டு மார்ச் மாதம் திறக்கப்பட்ட பிறகு, செம்பனை நின்ற மண்ணில் தொழிற்பேட்டை விரிந்து, பெரிய பெரிய தொழிற்சாலைகள் எழுந்துவிட்டன. என் அம்மா மருந்துத் தோம்பைத் தூக்கிக்கொண்டு நடந்த தடத்தில் இன்று நேப்பாளத்து இளைஞர்கள் கழுத்தில் கம்பெனி அட்டையோடு வரிசையில் நிற்கிறார்கள். 1978 இல், பதினெட்டாவது வயதில், பினாங்குத் தீவில் உள்ள பாயான் லெப்பாசில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். 2018 வரை, இரண்டு தொழிற்சாலைகளில் நாற்பது ஆண்டுகள் வேலை செய்து, லைன் லீடராக ஓய்வு பெற்றேன். ஆகவே இந்த விஷயத்தில் நான் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

மாநில முதல்வராக இருந்த துன் லிம் சோங் இயூவின் காலத்தில், 1972 இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வளாகம் தொடங்கப்பட்டது. பினாங்கில் அப்போது வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்தது. ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கக் கம்பெனிகள் வந்தன; அவற்றுக்குத் தேவைப்பட்டவை பெண்களின் விரல்களும் கண்களும். கெடாவிலிருந்தும் பேராக்கிலிருந்தும் மலாய்க் கம்பங்களிலிருந்தும் (கிராமங்களிலிருந்தும்), எங்களைப் போன்ற தோட்டங்களிலிருந்தும் பெண்கள் வந்து குவிந்தார்கள். முதல் பாலம் 1985 இல்தான் வந்தது என்பதால், பெருநிலத்திலிருந்து அன்றாடம் போய்வருவது எல்லாருக்கும் ஆகிற காரியமாக இல்லை. பாயான் லெப்பாசை ஒட்டிய கம்பத்தில் ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்து எட்டுப் பெண்கள் தங்கினோம். பகல் ஷிப்ட் முடித்து நாங்கள் வரும்போது இரவு ஷிப்ட் பெண்கள் எழுந்து கிளம்புவார்கள். அவர்கள் உடல் சூடு ஆறாத பாயில்தான் நாங்கள் படுத்தோம்.

ஊர் எங்களை என்ன சொல்லி அழைத்தது என்பது என் வயதுப் பெண்களுக்கு நினைவிருக்கும். "மீனா காரான்" என்றார்கள். காரான் என்றால் மின்சாரம். மின்னணுத் தொழிற்சாலைப் பெண் என்பதை ஒழுக்கம் கெட்டவள் என்ற பொருளில் சொல்வதற்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. இரவு ஷிப்ட் முடிந்து வரும் பெண்ணைப் பார்த்துச் சீழ்க்கை அடித்தவர்களும் உண்டு, தோட்டத்தில் என் அப்பாவிடம் வந்து "உன் பொண்ணை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திரு" என்று புத்தி சொன்னவர்களும் உண்டு. அந்தச் சம்பளத்தில்தான் என் தம்பிமார் இருவரும் படித்தார்கள். இன்று எங்கள் தாமானில் (வீட்டுக் குடியிருப்பில்) இந்தோனேசியப் பெண்கள் தங்கியிருக்கும் விடுதி வீட்டைக் கடக்கும்போது நம்மவர்கள் சிலர் பேசும் பேச்சைக் கேட்டால், அந்தப் பழைய சொல் ஆளை மாற்றிக்கொண்டு அப்படியே இருப்பது தெரிகிறது.

எங்களுக்கும் அந்தப் பெண்களுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஃபோர்மேன் திட்டினால் வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்ப எங்களால் முடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு ஐம்பது காசு கூடக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் அடுத்த மாதமே அங்கே போய் நிற்க முடிந்தது. 1985 ஆம் ஆண்டுப் பொருளாதார மந்தத்தில் பினாங்கில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனபோது என் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. அப்போதும் அம்மா வீட்டில் ஒரு பிடி சோறு இருந்தது. இன்று அடுத்த வீட்டில் தங்கியிருக்கும் நேப்பாளத்துத் தம்பிக்கோ, வங்காளதேசத்துத் தம்பிக்கோ, இவற்றில் எதுவும் இல்லை. அவருடைய பெர்மிட்டில் ஒரு முதலாளியின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது. அந்த முதலாளி சம்பளம் கொடுக்காவிட்டாலும், அடித்தாலும், அவரை விட்டு வெளியேறிய நாளிலிருந்து அந்தத் தொழிலாளி "ஓடிப்போனவர்" ஆகிறார். பெர்மிட் ரத்தாகும், பிறகு அவர் தெருவில் நடமாடினாலே குற்றவாளி.

நான் சொல்ல வந்த முதன்மையான செய்தி இதுதான். இவர்களுடைய துன்பங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கட்டிலிருந்து கிளைப்பவை. குப்பையும் கூச்சலும் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. அந்தக் கட்டு தெரிவதில்லை.

நம் முன்னோரின் கதையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர். பினாங்கு நகரத்தைக் காண்பதற்கு முன்பே, நோய்த் தடுப்புக்காக ஜெரெஜாக் தீவில் இறக்கப்பட்டு, நாட்கணக்கில் அடைத்து வைக்கப்பட்டு, அதன் பிறகே கங்காணியோடு தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையின் கடலோரச் சாலையில் நின்று பார்த்தால் அந்தத் தீவு எதிரிலேயே தெரியும். நாற்பது ஆண்டுகள் மதிய இடைவேளையில் அதைப் பார்த்துக்கொண்டே சோறு சாப்பிட்டிருக்கிறேன். தாத்தாவுக்கு முந்தைய தலைமுறை ஒப்பந்தக் கூலிகளாக வந்தது. ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போனால் சிறை. அந்த முறையின்படி ஆள் எடுப்பது 1910 இல் நிறுத்தப்பட்டது. அடுத்து வந்த கங்காணி முறையில் கொடுமை குறைவு என்று நான் சொல்லமாட்டேன். ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கிய கங்காணி, தன் ஆட்களைக் கடனில் கட்டிப்போட்டுத்தான் வைத்திருந்தார். ஆயினும் சட்டத்தின் பார்வையில், ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகும் உரிமை அந்தக் கூலிக்கு இருந்தது. 1920களில் இந்திய அரசின் ஏஜென்ட் ஒருவர் கோலாலம்பூரில் அமர்த்தப்பட்டுத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். கூலி போதாத நிலையைக் கண்ட இந்திய அரசு 1938 இல் ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. வெள்ளைக்காரன் ஆட்சியில் என் தாத்தாவுக்கு ஏட்டளவிலாவது இருந்த அந்த ஒரு மாத முன்னறிவிப்பு உரிமை, 2023 இல் டாக்காவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கிய பக்கத்து வீட்டுப் பையனுக்கு இல்லை என்பதை நினைக்கும்போது எனக்கு உறக்கம் வருவதில்லை.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும், பெயர் வேண்டாம். அவர் என்னை "மாக்சிக்" (மலாயில் அத்தை, சித்தி என்பது போல) என்று அழைப்பார். ஊரில் ஏஜென்டுக்கும் அந்த ஏஜென்டின் ஏஜென்டுக்குமாக வங்காளதேசப் பணத்தில் நாலரை லட்சம் டாக்கா கொடுத்து வந்திருக்கிறார். அப்பாவின் வயல் அடமானத்தில் இருக்கிறது, மீதி வட்டிக்கு வாங்கியது. அவர் வந்த காலத்தில் நம் நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட். அந்தக் கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ ஓராண்டு அடிப்படைச் சம்பளத்தை, ஒரு நாள் வேலைகூடச் செய்யாமல், முன்கூட்டியே கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறியிருக்கிறார். வந்து இறங்கியதும் தொழிற்சாலையில் வேலை என்றார்கள். மூன்று மாதங்கள் வேலையே கொடுக்காமல் ஒரு கடைவீட்டு மாடியில் அடைத்துவைத்தார்கள். அரிசியும் பருப்பும் மட்டும் வந்துகொண்டிருந்ததாம். அந்த மூன்று மாதமும் ஊரில் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. இது அவர் ஒருவரின் கதையாக இருந்திருந்தால் நாளிதழுக்கு எழுதியிருக்க மாட்டேன். அதே 2023 டிசம்பரில், ஜொகூர் பெங்கெராங்கில் வேலை கொடுக்கப்படாமல் இருந்த 171 வங்காளதேசத் தொழிலாளர்கள் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க நடந்தே சென்றபோது வழியிலேயே தடுத்து வைக்கப்பட்ட செய்தியைத் தங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அவருடைய கடப்பிதழ் (பாஸ்போர்ட்) எங்கே என்று கேட்டேன். "ஆபீசில் இருக்கிறது, தொலைந்துவிடக் கூடாது என்று வாங்கி வைத்திருக்கிறார்கள்" என்றார். அடுத்தவருடைய கடப்பிதழைச் சட்ட அனுமதியின்றி வைத்திருப்பது 1966 ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம் என்று சொன்னதும் அவர் பயந்துபோய், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். குற்றம் செய்தவர் நிம்மதியாக இருக்கிறார், குற்றத்துக்கு ஆளானவர் நடுங்குகிறார்.

இனி அந்த வீட்டைப் பற்றி. சென்ற மாதம் அங்கே ஒரு தம்பிக்குக் காய்ச்சல் என்று கஞ்சி கொண்டுபோனபோது, அவர்கள் அனுமதியோடு, நான் துணி தைக்க வைத்திருக்கும் அளவு நாடாவால் நடு அறையை அளந்தேன். பத்தடிக்குப் பதினோரு அடி. ஏறத்தாழ 10 சதுர மீட்டர். அதில் மூன்று இரட்டை அடுக்குக் கட்டில்களும் தரையில் இரண்டு பாய்களுமாக எட்டுப் பேர். வீடு முழுவதும் இருபத்திரண்டு பேர், கழிவறை இரண்டு. தொழிலாளர் வீட்டு வசதிக்கான 1990 ஆம் ஆண்டுச் சட்டம் (446 ஆம் சட்டம் என்று சொல்வார்கள்) முன்பு பெரும்பாலும் தோட்டங்களையும் சுரங்கங்களையும் சார்ந்தே இருந்தது; நம் லயங்களுக்காகப் பிறந்த சட்டம் என்றே சொல்லலாம். 2019 இல் அது திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் எல்லாத் தொழில்துறைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அதன் விதிகளின்படி, இத்தகைய வீடுகளில் படுக்கும் இடமாக ஆளுக்கு 3.6 சதுர மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆறு பேருக்கு ஒரு கழிவறை. ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டில், நாலு அங்குலத்துக்குக் குறையாத மெத்தை, தலையணை, போர்வை, பூட்டு வைத்த அலமாரி. நான் அளந்த அறையில் சட்டப்படி இரண்டு பேர்தான் தூங்கலாம். அந்த வீட்டுக்கு நான்கு கழிவறைகள் வேண்டும். தொழிலாளர் துறையின் தங்குமிடச் சான்றிதழ் பெறாமல் ஆட்களைத் தங்க வைக்கும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது.

அவர்கள் அந்த நாற்றத்தை விரும்பி வாழவில்லை, ஆசிரியர் அவர்களே. இரண்டு கழிவறைகளுக்கு இருபத்திரண்டு பேர் நிற்கும் வீட்டில், ஏழு மணி ஷிப்டுக்கு நாலரை மணிக்கே எழுந்தால்தான் குளிக்க முடியும். எழுந்தால் சத்தம் வரத்தான் செய்யும். ஒரு குடும்பத்துக்கென்று மாநகர் மன்றம் கொடுத்த ஒரு குப்பைத் தொட்டியில் இருபத்திரண்டு பேரின் குப்பை எப்படி அடங்கும்? கடிதம் எழுதிய அன்பரின் கோபம் நியாயமானது. அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய வாசல்தான் வேறு.

அந்த வாசல்களில் ஒன்று நமக்கு மிக அருகில் இருக்கிறது என்பதை வேதனையோடு எழுதுகிறேன். எங்கள் தாமானில் இப்படி வாடகைக்கு விடப்பட்டிருக்கும் வீடுகளில் பல, நம் தமிழர்களுக்குச் சொந்தமானவை. ஒரு குடும்பத்துக்கு விட்டால் கிடைக்கும் வாடகையைவிடக் கூடுதலாகக் கிடைக்கிறது, மாதம் பிறந்ததும் கம்பெனியிலிருந்தே பணம் வந்துவிடுகிறது என்பதற்காக, எத்தனை பேர் தங்குகிறார்கள் என்று கேட்காமலே சாவியைக் கொடுத்துவிட்டு, பிறகு குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து அந்நியர் தொல்லை என்று பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலையிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். தலைக்காசு வாங்கிய கங்காணிகளைப் பற்றித் தாத்தா பாட்டிகள் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள்.

பெண்களின் நிலையை எழுதாமல் விட்டால் நான் என் மனசாட்சிக்குத் துரோகம் செய்தவள் ஆவேன். அந்நியத் தொழிலாளர் பெர்மிட்டில் வருபவர்கள் இங்கே இருக்கும் காலத்தில் திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்பது நிபந்தனை. பெர்மிட்டுக்காக நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் கருவுற்றிருப்பது தெரிந்தால் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுவார்கள். சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, என் லைனில் வேலை செய்த இந்தோனேசியப் பெண் ஒருத்தி, கழிவறைக்கு அடிக்கடி போவதைப் பார்த்து மேலாளர் என்னிடம் விசாரித்தார். தலை முதல் கால்வரை மூடிய வெள்ளை உடையில் ஐந்து மாதக் கருவை அவள் என்னைத் தவிர மற்ற எல்லாரிடமிருந்தும் மறைத்திருந்தாள். எனக்கு விஷயம் தெரிந்திருந்தது. அவளே என்னிடம் அழுது சொல்லியிருந்தாள். மேலாளர் கேட்டபோது நான் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆறாம் நாள் அவள் கட்டில் காலியாக இருந்தது. அந்த மாதச் சம்பளம் முழுதாகக் கணக்குத் தீர்க்கப்பட்டதா என்றுகூட நான் கேட்கவில்லை. என் இரு பிள்ளைப்பேற்றுக்கும் அதே தொழிற்சாலை எனக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தது. 2023 ஜனவரி முதல் நம் நாட்டில் மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது என்று செய்தி வந்தபோது, மகிழ்ச்சி அடைவதற்கு முன்பு எனக்கு அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

இவர்களால் நம் பிள்ளைகளுக்கு வேலை போகிறது என்ற வாதத்தையும் அன்பர் எழுப்பியிருந்தார். அது லேசாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் அன்று. என் தம்பி மகனும் பிறையில் ஒரு தொழிற்சாலையில்தான் இருக்கிறார். 12 மணி நேர ஷிப்டில் நின்று இடுப்பு வலியோடு வருகிறார். ஆனால் ஒரு முதலாளி ஏன் உள்ளூர்ப் பையனைவிட வெளிநாட்டுப் பையனை விரும்புகிறார் என்று யோசிக்க வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் இருவருக்கும் ஒன்றுதான். 2025 முதல் 1,700 ரிங்கிட். உற்பத்தித் துறையில் ஓர் அந்நியத் தொழிலாளிக்கு அரசாங்கத்துக்கு ஆண்டுக்கு 1,850 ரிங்கிட் லெவிக் கட்டணத்தை, 2018 முதல் முதலாளியே கட்ட வேண்டும். தங்குமிடம் வேறு கொடுக்க வேண்டும். ஊழியர் சேமநிதிக்கு மட்டும், 2025 அக்டோபர்ச் சம்பளத்திலிருந்துதான் அவர்களுக்குக் கட்டாயச் சந்தா வந்திருக்கிறது. அதுவும் முதலாளி பங்கு 2 விழுக்காடு, நம் பிள்ளைகளுக்கு அது 12 அல்லது 13 விழுக்காடு. இந்தச் சேமநிதி வேறுபாட்டை ஒரு காரணமாகச் சொல்லலாம். நான் லைனில் நின்று கண்ட பெரிய காரணம் வேறு: உள்ளூர்ப் பையன் பிடிக்காவிட்டால் நின்றுவிடுவான், பெர்மிட்டில் வந்தவன் நிற்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. (மிகைநேர வேலை) வேண்டாம் என்று சொல்ல மாட்டான். மாதத்துக்கு 104 மணி நேரத்துக்கு மேல் ஓ.டி. வாங்கக் கூடாது என்று விதி இருப்பதை எடுத்துக் காட்ட மாட்டான். இப்படி வாய் திறக்க முடியாத ஒருவர் பக்கத்தில் நிற்கும்வரை, வாய் திறக்கும் நம் பிள்ளைக்கு அங்கே விலை இருக்காது. ஆகவே அந்த வெளிநாட்டுத் தொழிலாளிக்கு முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமை கிடைத்தால், என் தம்பி மகனின் சம்பளமும் உயரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

தொழிற்சங்கம் இதைப் பேசியிருக்க வேண்டும். மின்னணுத் தொழிலாளர்களுக்குச் சங்கமே கூடாது என்று இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். 1988 இல் அந்தந்தத் தொழிற்சாலைக்குள் மட்டும் சங்கம் வைக்கலாம் என்றார்கள். வட்டார அளவிலான சங்கங்கள் வருவதற்கு மேலும் இருபதாண்டுகளுக்கு மேல் ஆனது. வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சட்டப்படி சங்கத்தில் சேரலாம். ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டிய ஒருவர் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதை நான் அறிவேன்.

நன்மையான மாற்றங்களும் நடந்திருக்கின்றன. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைப் பேரிடர்க் காப்புறுதியின் கீழ் வந்துவிட்டார்கள். 2024 ஜூலையிலிருந்து இயலாமைத் திட்டமும் அவர்களுக்கு உண்டு. 2020 நவம்பரில் கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலை விடுதிகளில் ஆயிரக்கணக்கானோருக்குக் கோவிட் பரவியபோதுதான் இந்த நாடு அந்த விடுதிகளின் உள்பக்கத்தை முதன்முதலாகப் பார்த்தது. அதன் பிறகு சோதனைகள் நடந்தன. புக்கிட் மின்யாக், ஜூரு பக்கங்களில் சட்டப்படியான பெரிய விடுதிகள் வந்திருக்கின்றன. வேலைவாய்ப்புச் சட்டத்தில் கட்டாய உழைப்பு தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் மண் சரிந்து பதினோரு தொழிலாளர்கள் புதைந்தபோதும், 2023 நவம்பரில் பத்து மாவுங்கில் கட்டி முடியாத கட்டடம் இடிந்து வங்காளதேசத்தவர்கள் மாண்டபோதும், இரண்டு நாள் செய்தியாகி அது முடிந்துவிட்டது. இப்பினாங்கின் பாலங்களையும் மாடிகளையும் பார்க்கும்போது, அவற்றில் யாருடைய பெயரும் எழுதப்படவில்லையே என்று எனக்குத் தோன்றும்.

மனிதவள அமைச்சும் உள்துறை அமைச்சும் ஒன்று செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். சம்பளம் நிறுத்தப்பட்ட, அடிக்கப்பட்ட, கடப்பிதழ் பறிக்கப்பட்ட, வேலையே கொடுக்கப்படாத ஒரு தொழிலாளி புகார் கொடுத்தால், அந்தப் புகார் தீரும்வரை அவர் பெர்மிட் ரத்தாகக் கூடாது. வேறு முதலாளியிடம் வேலைக்குப் போக அவருக்கு வழி இருக்க வேண்டும். இதைத் தொழிலாளியின் உரிமையாகச் சட்டத்தில் எழுத வேண்டும். முதலாளியின் தயவுக்கோ அதிகாரியின் இரக்கத்துக்கோ விடக் கூடாது. தமிழ்ச் சட்டமன்ற உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதைப் பேச வேண்டும். சிவப்பு அட்டைக்குப் பதிலாகக் குடிமக்களுக்கான நீல அட்டை கேட்டு இன்னமும் பதிவிலாகாவின் வாசலில் நிற்கும் முதியவர்கள் நம்மிடையே இருக்கும்போது, ஒரு தாள் மனிதனை என்ன செய்யும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை இரவு அன்னதானத்துக்கு நேப்பாளத்துத் தம்பிமார் சிலர் வருகிறார்கள். செருப்பை ஒழுங்காக வாசலில் விட்டு, கடைசி வரிசையில் நின்று, திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு, இலையில் விழுந்ததைச் சிந்தாமல் சாப்பிடுகிறார்கள். சென்ற மாதம் நிர்வாகத்தில் ஒருவர், வெளியாட்களுக்கு இனிச் சோறு வேண்டாம் என்றார். தோட்டத்திலிருந்து வந்த கிழவி ஒருத்தி எழுந்து, "அப்ப எனக்கும் வேணாம்" என்று இலையை மடித்தார். பேச்சு அத்தோடு நின்றது.

அடுத்த மாத முதல் ஞாயிறன்று எங்கள் தாமான் குடியிருப்போர் சங்கத்தின் கூட்டம் இருக்கிறது. விடுதி வீடுகளை அகற்றக் கோரும் மனுவில் கையெழுத்து வாங்கப்போகிறார்கள். அதே கூட்டத்தில் நான் வேறொரு மனுவை வைக்கப்போகிறேன்: எங்கள் தெருவில் உள்ள ஆறு விடுதி வீடுகளுக்கும் தங்குமிடச் சான்றிதழ் இருக்கிறதா என்று தொழிலாளர் துறை வந்து பார்க்க வேண்டும், இல்லையென்றால் முதலாளிகள் மீது நடவடிக்கை எடுத்து, தொழிலாளர்களை நடுத்தெருவில் விடாமல், சட்டப்படியான விடுதிக்கு அந்த முதலாளிகளின் செலவிலேயே மாற்ற வேண்டும், அதுவரை செபராங் பிறை மாநகர் மன்றம் அந்த வீடுகளுக்கு ஆளெண்ணிக்கைக்கு ஏற்பக் குப்பைத் தொட்டிகள் கொடுத்து, கட்டணத்தை வீட்டுக்காரரிடம் வாங்க வேண்டும். இதுவரை பதினோரு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தம் வீட்டையே அப்படி வாடகைக்கு விட்டிருப்பவர்.

ஞாயிறு கடிதத்தை எழுதிய அன்பருக்கு ஒரு வேண்டுகோள். அவர் எங்கள் பக்கத்துத் தாமானில்தான் இருக்கிறார் என்று அவர் எழுத்திலிருந்து தெரிகிறது. ஏதேனும் ஒரு மாலை ஆறு மணிக்கு என் வீட்டுக்கு வரட்டும். இரவு ஷிப்ட் ஆட்கள் பஸ்ஸுக்காக வாசலில் காத்திருக்கும் நேரம் அது. காப்பி போட்டுத் தருகிறேன். அளவு நாடாவும் வீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னணுத் தொழிற்சாலைத் தொழிலாளி,
செபராங் பிறை, பினாங்கு